வெறும் மேடையில் அறுநூறு கிராம்

ஆண்டகளூர் கேட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு உன் அப்பா அர்த்தநாரி எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், எடைமேடை சுகமாக இருக்கிறது, எருமைக்கு மட்டும் முன்னங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அங்கே குவாஹாட்டியில் நீயும், உன் வயிற்றில் இருக்கிற குட்டிச்சாமியும், மாப்பிள்ளை கௌசிக்கும், பதினெட்டு நாளாக உன் நைட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருச்செங்கோட்டு சாமியை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பிக்கிறாய், உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, ஏனுங்க, புள்ளத்தாச்சியை எதுக்குங்க அழுக வெக்கறீங்க என்று என் மேலேயே பாய்கிறாள், கடைசியில் மாப்பிள்ளை வந்து, நெட்வொர்க் சரியில்லீங்க மாமா என்று மரியாதையாக வைத்துவிடுகிறார். காகிதத்தில் என்னை யாரும் நடுவில் நிறுத்த முடியாது. பத்தாவதை இரண்டு தடவை படித்தவன் நான், ஒரு தடவை படித்தவர்களைவிட எனக்கு எழுத்து நன்றாகவே வரும். போன செவ்வாய்க்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது, ஒரே ஒரு கையெழுத்துதானேப்பா, போட்டுட்டு ஏறி வாங்கப்பா, எனக்கு வலி எடுக்கறப்ப நீங்க வெளியில நிக்கோணும் என்றாய். சாமி, அந்தக் கையெழுத்தை நான் போடப்போவதில்லை. முடிவை முதலிலேயே எழுதிவிட்டேன். காரணம் கீழே வருகிறது. கோபப்படுவதானால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா அங்கே எத்தனை மசாலா சேர்த்துச் சொல்லியிருப்பாளோ தெரியாது. டாக்டர் உன்னை அசையக்கூடாது என்று படுக்க வைத்துவிட்டதால், கட்டுச்சோறு போட்டு உன்னைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதற்கு வழியில்லாமல் போயிற்று. புள்ளை வர முடியாட்டி என்ன, சோறு போகட்டும் என்று உன் அம்மா சொன்னாள். ஒற்றைப்படையாக ஐந்து வகைச் சோறு செய்து தூக்குப்போசியில் அடைத்துக் கட்டியது அவள் வேலை. டிக்கெட்டும் பெட்டியும் என் இலாகா. நீ போட்டுத் தருகிறேன் என்று சொன்னதைக் கேட்காமல் நானே செல்போனில் குத்திக் குத்தி இருப்பதிலேயே சல்லிசான டிக்கெட்டைப் போட்டேன். அதில் பெட்டிக்குத் தனிக்காசு. ஒரே பெட்டிக்கு, பதினைந்து கிலோவுக்குக் கட்டினேன். பதினைந்து கிலோ என்றால் எனக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருஷமாக அதைத்தானே பார்க்கிறேன் என்று நமது சாக்குத் தராசைத் துடைத்து வைத்து, முதலில் காலிப் பெட்டியை நிறுத்தினேன், 4.2 காட்டியது. சரி, வெறும் வண்டி எடை என்று எழுதிக்கொண்டேன். அதன்பிறகு ராசிபுரம் நெய், நாட்டுச்சர்க்கரை, ராகி மாவு, பிரசவ லேகியம், குழந்தைக்கு மெத்தென்று பழைய வேட்டி எட்டு, உன் அம்மாவின் சேலைகள் எல்லாம் அடுக்கி 19.2 வந்ததும் நிறுத்தினேன். லோடு வண்டிக்குக் கொடுப்பது போலவே சீட்டும் அடித்தேன். மொத்த எடை 19.2, வெறும் எடை 4.2, நிகர எடை 15 என்று அச்சடித்துப் பெட்டியின் தலையில் ஒட்டினேன். கல்யாணப் பத்திரிகைகூட நான் அத்தனை நேராக ஒட்டியதில்லை.

ஏர்போர்ட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது நம்ம சேலம் அஸ்தம்பட்டிப் பெண், பிரவீனா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. சீட்டைப் படித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சார், இது லாரி இல்லீங்க, பொட்டியும் சேத்துத்தானுங்க பதினஞ்சு என்றாள். ஏனம்மிணி, நெல்லு வாங்கறவன் சாக்குக்குக் காசு குடுப்பானா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். கூசிப் போனேன் சாமி, ஊரில் எத்தனை லாரிக்காரனுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கடைசியில் ஒரு பெட்டியை வண்டி என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையது, பெட்டிக்கு உண்டானதைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பையில் கைவிட்டேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் என் கண் சும்மா இருக்குமா. அவர்கள் தராசு 19.8 காட்டியது. என் சீட்டில் 19.2. எனக்கு முன்னால் நின்ற ஆத்தூர்க்காரர் தன் பெட்டியை எடுத்து உள்ளே அனுப்பியபிறகு, ஒன்றுமே இல்லாத அந்த மேடையில் சிவப்பு எழுத்தில் 0.6 என்று நின்றதை நான் பார்த்திருந்தேன், வெறும் மேடையில் அறுநூறு கிராம். அம்மிணி, மொதல்ல இதைச் சைபருக்குக் கொண்டாங்க, பொறவு நான் காசு கட்டறேன் என்றேன். அவள் மெதுவாக, கிலோவா முழுசாக்கித்தான் போடறதுங்க சார், 4.2 எச்சா இருந்தாலும் 4.8 எச்சா இருந்தாலும் உங்களுக்கு அஞ்சு கிலோவுக்குத்தானுங்க வரும் என்றாள். அதாவது சைபர் ஆக்கினாலும் எனக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நகர்ந்திருப்பான். உன் அப்பனைப் பற்றி உனக்குத்தான் தெரியுமே. எனக்கு மிச்சம் வேண்டாமுங்க, சைபர் வேணும் என்றேன்.

அதற்குள் கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் ஒருத்தர் வந்து, மிஷின் எல்லாம் கரெக்ட் சார், அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க என்றார். பெட்டியை இறக்கிவிட்டு, இப்ப பாருங்க, காத்தைத்தான் நிறுத்தியிருக்குது, காத்துக்கு அறுநூறு கிராமா என்றேன். ஆத்தூர்க்காரர் காதில் அது விழுந்துவிட்டது. அவருடைய பெட்டி 15.4 காட்டியிருக்கிறது, நானூறு கிராமுக்கு ஒரு முழுக் கிலோ காசு வாங்கியிருக்கிறார்கள். அறுநூறைக் கழித்தால் அவர் கட்டவே வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்தார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள், ஆளாளுக்கு அவரவர் ரசீதை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் பிரவீனா வாயைத் திறந்தாள். ஆமாங்க சார், காலைல நேரமே இருந்தே இப்படித்தான் காட்டுதுங்க, நான் சொல்லியிருக்கேனுங்க என்றாள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அப்புறம் போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். இந்த ஆள் வரிசையைக் கெடுக்கிறார் என்றார்கள். நான் ஒரு தகாத வார்த்தை பேசவில்லை, உன் மேல் ஆணை, பேசியது அத்தனையும் தராசைப் பற்றித்தான்.

உன் அம்மா அதுவரைக்கும் தூக்குப்போசியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். சேலத்துக்குக்கூடத் தனியாகப் போய் அறியாதவள். கவுண்டர் மூடப்போகிறது என்று சொன்னதும் தன் விமானச் சீட்டை மட்டும் என் கையிலிருந்து உருவிக்கொண்டு, நீங்க தராசைப் பாத்துட்டு வாங்க, நான் எம்புள்ளையப் பாக்கப் போறேனுங்க என்று சொல்லி நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரவீனாதான் எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துச் சோதனை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். அங்கே தூக்குப்போசியைத் திறக்கச் சொன்ன பெண் போலீசுக்கு உன் அம்மா ஒரு உருண்டைப் புளிச்சோறு நீட்டினாளாமே. மறுநாள் காலையில் நல்ல நேரத்தில் உனக்கு ஊட்டியும் விட்டாளாம், தேங்காய்ச் சோற்றை மட்டும் மோந்து பார்த்து, ஊசிப்போச்சு என்று ஒதுக்கிவிட்டாளாம். அவள் நெஞ்சுரத்தில் பாதி எனக்கு இருந்தால் எத்தனையோ லாரி வாங்கியிருப்பேன்.

போலீஸ்காரர் என்னை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார், நான் பெட்டியோடு நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் குலுங்கியது. எங்களோடு பறந்ததற்கு நன்றி, உங்கள் பயணம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று அந்தக் கம்பெனியிடமிருந்து சேதி. நான் உட்கார்ந்திருந்த கட்டைக்கு வேண்டுமானால் மூன்று தரலாம், நல்ல நிழல். அப்புறம் அவர்கள் குறைதீர்க்கும் நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று நாற்பது நிமிஷம். எங்களிடம் பஞ்சு ஏற்றி வருகிறவன் நாற்பது நிமிஷம் நின்றால் நான் டீ வாங்கிக் கொடுப்பேன். கடைசியில் ஒரு பெண் வந்து, உங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று சொல்லி, எந்த மனவருத்தம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். எழுதிக் கேளுங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே எழுதினால் மனுஷன் இல்லை, மிஷின் பதில் சொல்கிறது. தராசு சைபரில் இல்லை என்று எழுதினேன், உங்கள் இருக்கையை மாற்ற விரும்புகிறீர்களா என்று கேட்டது. ஆறு தடவை எழுதினேன், ஆறு தடவையும் அதற்கு என் இருக்கை மேல்தான் அக்கறை.

பத்து நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி வந்தது. பக்கத்து ஊட்டு சித்ரா டீச்சர்தான் படித்துச் சொன்னாள். உன்னிடம் போனில் நான் அரைகுறையாகத்தான் சொன்னேன், முழுசும் இதுதான். ஊழியரிடம் தகாத முறையில் பேசினேன் என்று ஒரு வரி, தராசு சரியாகவே இருந்தது, நான்தான் தவறாகச் சொல்லிக் கூட்டத்தைக் கூட்டினேன் என்று இன்னொரு வரி, இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று ஒரு வரி. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மறுபடி ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு அவர்கள் விமானத்தில் எனக்கு இடமில்லை. நான் என்ன உத்தமனா, ஒரு கையெழுத்துக்கு இத்தனை யோசிக்க. ரேஷன் கார்டில் வயசைக் குறைத்துப் போட்டிருக்கிறேன், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று உன் அம்மாவிடம் ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறேன் (இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டாதே). உண்மையைச் சொன்னால், உன் அழுகையைக் கேட்ட அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன். உனக்காகப் போட்டுத் தொலைத்திருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பிரவீனாவிடமிருந்து போன் வந்தது. சார், நான் கவுண்டர்ல இருந்த புள்ளைங்க, டிக்கெட்டுல இருந்து உங்க நம்பரை எடுத்தேனுங்க, மன்னிச்சுக்குங்க என்றாள். பயணி முன்னால் தராசு கெட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்லலாம் என்று அவள் மேல் விசாரணை வைத்திருக்கிறார்களாம். தராசு சரியாக இருந்தது என்று பயணியே எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும், வேலை போய்விடும். கையெழுத்துப் போடாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை சாமி. நீங்க என்ன எழுதப் போறீங்கன்னு மட்டும் தெரிஞ்சா, ஊட்ல அதுக்குத் தக்கன சொல்லி வெச்சுக்குவேனுங்க என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம், அம்மா நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்களா, பாப்பாவுக்கு எப்பங்க தேதி என்று உன்னைத்தான் விசாரித்தாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மழை பெய்த மறுநாள் நமது மேடையில் சேறு தங்கி இருபது கிலோ காட்டும். கழுவித் தள்ளி, சைபர் வந்த பிறகுதான் முதல் வண்டியை ஏறு என்பேன். எத்தனையோ பேர் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பார்கள், இருபது கிலோ என்னய்யா கணக்கு, டன் கணக்கில் ஏற்றுகிறோம் என்று திட்டுவார்கள். என்னிடம் இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அதுதான், அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தொப்பை மட்டும்தான். அதனால் அவர்கள் காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு நானே ஒரு கடுதாசி எழுதினேன். சித்ரா டீச்சர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். பெட்டியின் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டது என் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வெறும் தராசு 0.6 காட்டியது, அதை நான் பார்த்தேன், கவுண்டரில் இருந்த பெண் அதை மறைக்காமல் சொன்னாள், அவள் சொன்னது உண்மை. அவளிடம் நான் தகாத வார்த்தை பேசவில்லை, அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். தராசைக் கேள்வி கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், நாளைக்கு மறுபடி நின்றாலும் கேட்பேன். கீழே அர்த்தநாரி, எடைமேடை, ஆண்டகளூர் கேட் என்று முத்திரையும் குத்திவிட்டேன். தராசுகளுக்கு முத்திரை போடுகிற அதிகாரிக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு நேற்று ரசீது வந்தது, பிரவீனாவுக்கு விசாரணை வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் என்ன எழுதினேன் என்று போனில் படித்துக் காட்டினேன். சரிங்க சார், அப்ப நானும் ஊட்ல நெசத்தையே சொல்லிர்றேனுங்க என்றாள்.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணு முக்கியமா நான் முக்கியமா என்று. நீதான் முக்கியம், அதனால்தான் மூன்று நாள் உட்கார்ந்து வரப்போகிறேன். குவாஹாட்டி வழியாகப் போகிற ரயில் சேலத்தில் நிற்கிறது, அடுத்த மாதம் ஆறாம் தேதி ஏறுகிறேன், ஒன்பதாம் தேதி இறங்குவேன். டாக்டர் சொன்ன தேதி இருபத்திரண்டு. வேறு கம்பெனியில் நான் டிக்கெட் போடறேன்ப்பா என்று சொல்லாதே, இரண்டு ஊரில் இறங்கி ஏறி மூன்று பங்கு விலையில் வருகிற விமானம் எனக்கு வேண்டாம், அதை ஆஸ்பத்திரிக்கு வைத்துக்கொள். அதற்கு முன்னால் கிளம்பவும் முடியாது, மூன்றாம் தேதி நமது மேடைக்கு வருஷ முத்திரை போட ஆள் வருகிறார், ஊருக்கெல்லாம் தராசு நியாயம் பேசிவிட்டு என் முத்திரை தவறினால் அந்த சூப்பர்வைசரே சிரிப்பார். வலி முந்திக்கொண்டால் நான் எங்கேயாவது ஒடிசா பக்கம் ரயிலில்தான் இருப்பேன். அதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆனாலும் இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து உன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதற்கு என்னால் முடியாது கண்ணு. அங்கே நிற்கிறவன் உன் அப்பனாக இருக்க வேண்டாமா.

நீ வேளைக்குச் சாப்பிடு, வீங்கின காலைத் தொங்கப் போடாதே, இடது பக்கமாகப் படு. உன் அம்மா அங்கே அசாம்காரர்களிடம் தமிழிலேயே பேரம் பேசுகிறாளாமே, பேசட்டும், தடுக்காதே, அவர்களுக்குத்தான் சீக்கிரம் தமிழ் வரும். மாப்பிள்ளையை என்னோடு சேர்ந்து கோபப்பட வேண்டாம் என்று சொல், ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் போதும். நான் ஊர் திரும்புகிறவரைக்கும் எடைமேடையை நம்ம வேலையாள் மாதையன் பார்த்துக்கொள்வான், எருமைக்கும் அவனே மருந்து தடவுவான். அதே பெட்டியைத்தான் கொண்டுவருகிறேன், மறுபடியும் நிறுத்தி வைத்திருக்கிறேன், பெட்டியோடு சேர்த்து 19.2. நிகர எடை என்று எங்கேயும் எழுதவில்லை.

நீயும் உன் குட்டியும் நோயில்லாமல், குறையில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் சாமி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டால், ஆஸ்பத்திரியில் எடுத்துப்போய் எடை போடுவார்கள். வெறும் தராசு சைபரில் நிற்கிறதா என்று உன் அம்மாவை முதலில் பார்க்கச் சொல். நின்றால் மட்டும் குழந்தையை வைக்க விடு. பிறகு சுற்றியிருக்கிற துணியின் எடையைக் கழித்து எனக்குச் சொல். அந்த ஒரு இடத்திலாவது என் கணக்குத்தான் சரி.

ரயில் டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரியும்
உன் அப்பா,
அர்த்தநாரி.